டெக்கை மூடிவிடுவதா, ஊறவிடுவதா?

கேள்வி இது. டொராண்டோவுக்குக் கிழக்கே அஜாக்ஸில் வீடு. பின்பக்கம் 12-க்கு 16 அடியில் மர டெக் (வீட்டோடு ஒட்டிய திறந்த மரத்தளம்), மருந்தை அழுத்தி ஏற்றிய பிரஷர் டிரீட்டட் பலகை, போட்டு நான்கு வருடம் ஆகிறது. போன கோடையில் நிறமில்லாத வாட்டர் சீலர் ஒரு கோட் அடித்தார்கள். ஒரே குளிர்காலத்தில் பலகை சாம்பல் பூத்து, நுனிகளில் விரிசல் விட்டிருக்கிறது. இந்த முறை நல்ல கெட்டிப் பெயின்டாக இரண்டு கோட் அடித்து ஒரேயடியாக மூடிவிடலாமா? கைப்பிடிக்கும் அதையே அடிக்கலாமா?

தரைக்குப் பெயின்ட் வேண்டாம். கைப்பிடி வேறு கதை, அதைப் பின்னால் சொல்கிறேன்.

வீட்டுச் சுவரில் வருடக்கணக்காக நிற்கும் பெயின்ட் டெக்கில் ஏன் நிற்காது என்று பலரும் கேட்பார்கள். சுவரில் அடித்த மழை வழிந்து ஓடிவிடும். டெக்கில் விழுந்த பனி அங்கேயே உட்கார்ந்திருக்கும். பகலில் கொஞ்சம் உருகி ராத்திரி மறுபடி உறையும். அதோடு நீங்கள் பெயின்ட் அடிப்பது பலகையின் மேல்முகத்துக்கு மட்டும்தான். அடிப்பக்கம், ஓரங்கள், வெட்டுமுனைகள், திருகாணி இறங்கிய துளைகள் எல்லாம் திறந்தே கிடக்கின்றன. தண்ணீர் அந்த வழியாக உள்ளே போய்விடுகிறது. வெயில் பட்டதும் ஆவியாகி மேல்வழியாக வெளியேறப் பார்க்கிறது. அங்கே பெயின்ட் படலம் அடைத்துக்கொண்டு நிற்கிறது. முதலில் கொப்புளம், அப்புறம் வெடிப்பு, அப்புறம் செதில் செதிலாக உரியும். உரிந்த விளிம்பு வழியாக இன்னும் தண்ணீர் புகும். படலத்துக்கு அடியில் போன தண்ணீர் காய வழியில்லாமல் தங்கும். மரம் இற்றுப்போவதற்கு அதுவே போதும்.

இன்னொன்று, பலகை சும்மா இருப்பதில்லை. நீளவாட்டில் மரம் அநேகமாக மாறாது. அகலவாட்டில் ஈரத்தைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஐந்தரை அங்குலப் பலகை முழுக்க நனைந்திருக்கும்போதும் நன்றாகக் காய்ந்திருக்கும்போதும் அகலத்தில் சில மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கும். வசந்தத்தில் பலகைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் ஆகஸ்ட் கடைசியில் அதே இடைவெளியையும் பார்த்தாலே தெரியும். குளிர்காலத்தில் உள்ளே தேங்கிய தண்ணீர் உறைந்தால் கொள்ளளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடும். இத்தனை அசைவையும் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு மெல்லிய தோல் தாங்கவேண்டும். தாங்காது. அதனால் மரத்துக்குள் இறங்கி, தேய்ந்து மட்டும் போகிற ஒன்றை அடிக்கவேண்டும். தேய்ந்தால் கழுவிவிட்டு மறுபடி ஒரு கோட் அடித்துக்கொள்ளலாம். உரிந்தால் மண்டிபோட்டுச் சுரண்டவேண்டும்.

போன வருடம் அடித்த சீலர் மோசமான சரக்கு என்று நினைக்கவேண்டாம். அது தன் வேலையைச் செய்திருக்கும். நிறமில்லாத சீலரில் பெரும்பாலும் மெழுகு மாதிரி தண்ணீரைத் தள்ளும் பொருள்தான் இருக்கும். வெயிலைத் தடுக்க அதில் அதிகம் எதுவும் கிடையாது. மரத்தின் நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் பொருளுக்கு லிக்னின் என்று பெயர். சூரியனின் புற ஊதாக் கதிர் அதைத்தான் சிதைக்கிறது. சிதைந்ததை மழை கழுவிக்கொண்டு போக, மிச்சம் இருக்கும் நார் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. கதிரைத் தடுப்பது நிறமிதான். மேலே படலம் கட்டும் பெயின்டோ, மரத்துக்குள் இறங்கும் நிறப்பூச்சான ஸ்டெயினோ, நிறமி கூடக்கூட வெயிலுக்குப் பாதுகாப்பும் கூடும். கண்ணாடி மாதிரி மரம் அப்படியே தெரியவேண்டும், நிறமும் மாறக்கூடாது என்றால் வருடா வருடம் அடிக்கவேண்டியதுதான்.

சாம்பல் நிறத்தைப் பார்த்துப் பயப்படவும் தேவையில்லை. அது இற்றுப்போன மரம் அல்ல. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் மாடிசனில் 1910 முதல் இயங்கும் வனப் பொருள் ஆய்வகம் மரப்பூச்சுகளைப் பற்றி நெடுங்காலமாக ஆராய்ந்துவருகிறது. பூச்சே இல்லாமல் வெயில் மழையில் நிற்கும் மென்மரம் நூறு வருடத்துக்குச் சுமார் 6 மில்லிமீட்டர்தான் அரிக்கப்படும் என்பது அவர்கள் கணக்கு. சாம்பல் என்பது மேலே ஒரு மெல்லிய அடுக்கு மட்டும். ஆனால் அந்த அடுக்கின் மேல் எதை அடித்தாலும் பிடிக்காது. தளர்ந்த நாரோடு சேர்ந்து வந்துவிடும்.

டிரீட்டட் மரம்தானே, அதற்கு எதற்குப் பூச்சு என்றும் சிலர் விட்டுவிடுகிறார்கள். அதில் ஏற்றியிருப்பது தாமிரம் கலந்த மருந்து. பூஞ்சையையும் பூச்சியையும் தடுக்கும்; வெயிலையும் தண்ணீரையும் தடுக்காது. அந்த மருந்தும் பலகை முழுக்க இறங்கியிருக்கும் என்று நினைக்காதீர்கள். இங்கே கிடைக்கும் ஸ்ப்ரூஸ், பைன் கலந்த பலகை ஒன்றை நடுவில் அறுத்துப் பாருங்கள்: சுற்றி மெல்லிய பச்சையோ பழுப்போ ஒரு வளையம், நடுவில் மருந்து ஏறாத மரம் வெள்ளையாக அப்படியே இருக்கும். டெக் போடும்போது அறுத்த ஒவ்வொரு முனையும் அந்த வெள்ளையைத் திறந்துவிடுகிறது. பலகைகள் முனையில் முதலில் கெடுவது அதனால்தான். மரம் தண்ணீரை உறிஞ்சுவதும் முனை வழியாகத்தான் அதிகம். அறுத்த முனைக்கென்றே தாமிர நாஃப்தனேட் கலந்த மருந்து சிறு டின்னில் கிடைக்கும். உங்கள் டெக்கைப் போட்டவர்கள் அடித்தார்களா என்று இப்போது தெரியாது. மரத்தைச் சுத்தம் செய்து காயவிட்ட பிறகு, ஸ்டெயினுக்கு முன்னால், தெரிகிற முனைகளுக்கெல்லாம் அடித்துவிடுங்கள்.

பழைய வீடு வாங்கியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2004-க்கு முந்தைய பச்சை டிரீட்டட் மரத்தில் ஆர்சனிக் கலந்த மருந்து இருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 2003 கடைசியோடு வீட்டு உபயோகத்துக்கு அதை நிறுத்திவிட்டார்கள். அந்த மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக்கூடாது, துண்டுகளை எரிக்கவே கூடாது. உங்களுடையது நான்கு வயது டெக், இந்தக் கவலை இல்லை.

ஸ்டெயின் வாங்கப் போவதற்கு முன் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு டெக்குக்கு அடியில் பாருங்கள். குனிய இடம் இருந்தால் உள்ளே போங்கள். வீட்டுச் சுவரோடு போல்ட் போட்டு இணைத்திருக்கும் நீளப் பலகைதான் முக்கியம். அதற்கு மேலே தண்ணீர் புகாமல் தகடு மடித்து வைத்திருக்கிறார்களா, கம்பத்தின் அடி மண்ணில் புதைந்திருக்கிறதா, குறுக்குச் சட்டங்களின் மேல்விளிம்பு மெத்தென்று இருக்கிறதா என்று குத்திப் பாருங்கள். டெக் இடிந்து விழுகிற விபத்துகளில் அடிக்கடி விட்டுப்போவது இந்தச் சுவர் இணைப்புத்தான். நல்ல மரத்தில் நுனி இறங்காது. இற்றுப்போன மரத்தில் கையழுத்தத்துக்கே உள்ளே போகும். அப்படி இருந்தால் ஸ்டெயின் காசை மிச்சம் பிடித்து முதலில் தச்சு வேலையைப் பாருங்கள். மேலே துருத்திக்கொண்டிருக்கும் ஆணிகளைக் கழற்றிவிட்டு டெக் திருகாணி போடுங்கள். சாதாரண இரும்புத் திருகாணி வேண்டாம், தாமிர மருந்து அதைச் சீக்கிரம் அரித்துவிடும். கெட்டித் துத்தநாகப் பூச்சுள்ளது, அல்லது ஸ்டெயின்லெஸ்.

சரி, எதை வாங்குவது? கடையில் பெயர்கள் குழப்பும். டிரான்ஸ்பரன்ட், செமி டிரான்ஸ்பரன்ட், செமி சாலிட், சாலிட் என்று வரிசையாக நிற்கும். நிறமி குறைவானதிலிருந்து கூடுதலானதுக்கு என்று புரிந்துகொண்டால் போதும். உங்கள் டெக்குக்கு எண்ணெய் அடிப்படையிலான செமி டிரான்ஸ்பரன்ட்தான் என் தேர்வு. ரேகை தெரியும், வெயிலுக்கு நிறமி இருக்கும், மரத்துக்குள் இறங்கும். நடுத்தரப் பழுப்பு நிறம் எடுங்கள். ரொம்ப அடர் நிறம் எடுத்தால் ஜூலையில் வெறுங்காலோடு நிற்கமுடியாது, குழந்தைகள் இருந்தால் இதை யோசிக்கவேண்டும். மர நிழலில் எப்போதும் ஈரமாக இருக்கிற டெக் என்றால் மட்டும் கொஞ்சம் மாற்றி யோசிப்பேன். எண்ணெய் ஸ்டெயின் பலவற்றில் இருக்கும் ஆளி விதை எண்ணெய் பூஞ்சைக்கு நல்ல தீனி. பூஞ்சைக்கொல்லி சேர்த்ததா என்று டின்னில் பார்க்கவேண்டும், அல்லது தண்ணீர் அடிப்படையிலான ஸ்டெயினுக்குப் போகவேண்டும். அது சீக்கிரம் காயும், வாசனை குறைவு, நிறம் நன்றாக நிற்கும். ஆனால் அதில் பல வகைகள் மேலே கொஞ்சம் படலம் கட்டுகின்றன, அதனால் மெல்லிசாகத்தான் அடிக்கவேண்டும்.

சாலிட் ஸ்டெயின் பெயருக்குத்தான் ஸ்டெயின், நடத்தையில் பெயின்டின் தம்பி. ஒருமுறை அடித்துவிட்டால் முழுக்க உரித்தெடுக்காமல் ரேகை தெரியும் வகைக்குத் திரும்பமுடியாது. பலகை பழசாகி, புதுசும் பழசும் ஒட்டுப்போட்ட டெக்கில் நிறத்தை ஒரே மாதிரி ஆக்க அது உதவும், நான்கு வயது டெக்குக்கு அவசரமில்லை. விரிசலையெல்லாம் நிரப்பிவிடும் என்று விற்கும் தயிர் மாதிரிக் கெட்டியான டெக் பூச்சுகளைப் பக்கத்திலேயே விடாதீர்கள். அவை பாளம் பாளமாக உரிந்து, அமெரிக்காவில் வாங்கியவர்கள் கூட்டு வழக்குப் போட்டதெல்லாம் நடந்திருக்கிறது.

இனி உண்மையான வேலை. ஸ்டெயின் அடிப்பது ஒரு காலைப் பொழுது. அதற்கு முன்னால் செய்வதுதான் முதுகை ஒடிக்கும், முடிவைத் தீர்மானிப்பதும் அதுதான்.

முதலில் இடைவெளிகளில் அடைந்திருக்கும் இலை, மண்ணை ஒரு மெல்லிய பட்டியால் கிளறி எடுங்கள். மேப்பிள் விதை அங்கே முளைத்தே இருக்கும். அந்தக் குப்பைதான் பலகையின் ஓரத்தை எப்போதும் ஈரமாக வைத்திருப்பது. அப்புறம் சோடியம் பெர்கார்பனேட் கலந்த டெக் கிளீனரை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊற்றி, காயவிடாமல் ஒரு கால் மணி நேரம் வைத்து, நைலான் பிரஷ்ஷால் ரேகையோடு தேயுங்கள். சலவைக்குப் போடும் குளோரின் பிளீச் வேண்டாம். பூஞ்சைக் கறையை வெளுக்கும், கூடவே மரத்தின் நாரையும் கெடுக்கும். கம்பிப் பிரஷ்ஷும் வேண்டாம். உடைந்த இரும்புத் துணுக்கு ஒவ்வொன்றும் பின்னால் கறுப்புப் புள்ளியாகும்.

கழுவிய ஈரத்தோடு ஆக்சாலிக் அமிலம் கலந்த பிரைட்டனர் அடிக்கவேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், விடக்கூடாத கட்டம். கிளீனரின் காரத்தை இது சமன்படுத்தும். ஆணியைச் சுற்றியுள்ள கறுப்புக் கறையையும் இலைக் கறையையும் எடுக்கும். கறுத்துச் சோர்ந்து கிடந்த பலகை கண்ணெதிரே சில நிமிடங்களில் வைக்கோல் நிறத்துக்கு வெளுத்து வருவதைப் பார்க்கலாம். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். ஓரத்துச் செடிகளை முன்னும் பின்னும் தண்ணீர் விட்டு நனைத்துவிடுங்கள்.

பிரஷர் வாஷர் வாடகைக்கு எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அலச மட்டும் பயன்படுத்துங்கள்: விசிறி நாசில், அழுத்தம் 1,000 முதல் 1,500 பிஎஸ்ஐ-க்குள், பலகையிலிருந்து ஒரு அடி தள்ளி. கிட்டே கொண்டுபோய் ஒரே இடத்தில் நிறுத்தினால் மரத்தின் மென்பாகம் பள்ளமாகி, நார் பஞ்சு மாதிரி எழும்பி நிற்கும். அந்தக் கோடு மூன்று வருடம் போனாலும் தெரியும்.

உங்கள் விஷயத்தில் பழைய சீலர் மிச்சம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. காய்ந்த பிறகு ஒரு ஸ்பூன் தண்ணீரை நாலைந்து இடத்தில் விடுங்கள். டெக்கில் ஆட்கள் நடக்கிற இடத்திலும் விடுங்கள், யாரும் மிதிக்காத மூலையிலும் விடுங்கள். சில நிமிடங்களில் மரம் குடித்துவிட்டால் நல்லது. முத்து முத்தாக உருண்டு நின்றால் மெழுகு இன்னும் இருக்கிறது, ஸ்டெயின் இறங்காது. பெரும்பாலும் மூலைகளில்தான் நிற்கும். அந்த இடத்துக்குப் பழைய பூச்சை நீக்கும் டெக் ஸ்ட்ரிப்பர் போட்டு, மறுபடி பிரைட்டனர் அடித்து அலசவேண்டும்.

உப்புத்தாள் 60 அல்லது 80 நம்பர். மேஜைக்குத் தேய்க்கிற மாதிரி 150, 220 என்று வழவழப்பாக்கினால் மரத்தின் துளைகள் மூடிப்போய் ஸ்டெயின் மேலேயே நிற்கும். சிராய் எழும்பிய இடம், விரிசல் நுனி, கைப்பிடியின் மேல்பலகை இவற்றுக்குத் தேய்த்தால் போதும். முகமூடி கட்டிக்கொள்ளுங்கள், தாமிர மருந்தின் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

அப்புறம் காயவேண்டும். குறைந்தது இரண்டு மூன்று நாள் நல்ல வெயில். பார்க்கக் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். ஈரமானி ஒன்று வாங்கிவிடுங்கள், விலை அதிகமில்லை. பல இடத்தில் குத்திப் பார்த்து எல்லாமே 15 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகு டின்னைத் திறங்கள். புது டிரீட்டட் டெக் போட்டவர்கள் ஆறு மாதம் காத்திரு, ஒரு வருடம் காத்திரு என்று கேள்விப்பட்டிருப்பார்கள். மாதத்தை எண்ணுவதைவிட இந்த மானியை நம்புங்கள்.

ஒண்டாரியோவில் நாள் பார்ப்பது தனிக் கலை. மே மாதம் மகரந்தம் மஞ்சளாகப் படியும். ஜூன் தொடக்கத்தில் காட்டன்வுட் மரத்துப் பஞ்சு பறந்து வந்து ஈரப் பூச்சில் ஒட்டும். ஜூலை மதியத்தில் பலகை சுட்டால் ஸ்டெயின் இறங்குவதற்குள் காய்ந்துவிடும். எனக்குப் பிடித்தது ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும். அக்டோபர் தேங்ஸ்கிவிங் வரை தள்ளாதீர்கள். ராத்திரிப் பனித்துளியும் குளிரும் வந்துவிடும். 10 முதல் 30 டிகிரிக்குள், அடித்த பின் ஒன்றிரண்டு நாள் மழை இல்லாமல் இருக்கவேண்டும். காலையில் துளி காய்ந்த பிறகு தொடங்கி, நிழல் நகர்வதைப் பின்தொடர்ந்து அடியுங்கள்.

தரைப்பரப்பு 192 சதுர அடி. பழைய மரம் நிறையக் குடிக்கும், 3.78 லிட்டர் டின் ஒன்று 150 முதல் 250 சதுர அடிக்குத்தான் வரும். படியையும் சேர்த்தால் இரண்டு டின். இரண்டையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துவிடுங்கள், நடுவில் நிறம் மாறாது. நிறமி அடியில் போய்த் தங்கும், அடித்துக்கொண்டிருக்கும்போதும் அவ்வப்போது கிளறுங்கள்.

இரண்டு மூன்று பலகையை எடுத்துக்கொண்டு இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நிறுத்தாமல் போகவேண்டும். நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் இரட்டைக் கோடு விழும். ரோலரால் பரப்பினாலும் பின்னாலேயே பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்து உள்ளே தள்ளுங்கள். வெட்டுமுனைகள் எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவு கொடுங்கள். கால் மணி, அரை மணி கழித்து மேலே பளபளவென்று தேங்கி நிற்பதைத் துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெய் ஸ்டெயினில் பளபளப்பு என்றால் மரம் குடிக்காமல் விட்டது. அது பிசுபிசுத்து, தூசு பிடித்து, கடைசியில் உரியும். பல செமி டிரான்ஸ்பரன்ட் வகைக்கு ஒரே கோட்தான். டின்னில் என்ன எழுதியிருக்கிறதோ அதோடு நில்லுங்கள்.

துடைத்த துணியைப் பற்றி விளையாட்டாக இருக்காதீர்கள். ஆளி விதை எண்ணெய் காற்றோடு வினைபுரிந்துதான் காய்கிறது, அதில் வெப்பம் வரும். கசக்கிக் குவித்து வைத்த துணியில் அந்த வெப்பம் வெளியேறாமல் தானாகவே தீப்பிடிக்கும். 1991 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் எரிந்து மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். தொடக்கம், வேலையாட்கள் விட்டுப்போன ஆளி விதை எண்ணெய்த் துணிகள். துணியை வெளியே தனித்தனியாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய உலோக டப்பாவில் மூடி வையுங்கள். கராஜ் குப்பைக்கூடையில் போடவே கூடாது.

குளிர்காலத்தில் பிளாஸ்டிக் மண்வாரியால் பலகையின் நீளவாட்டிலேயே பனியைத் தள்ளுங்கள். குறுக்கே தள்ளினால் ஒவ்வொரு விளிம்பிலும் இடித்துச் செதுக்கும். இரும்பு முனை வைத்தது வேண்டாம். உப்பைக் கூடியவரை தவிர்த்து வழுக்கும் இடத்தில் மணல் தூவுங்கள். திருகாணிக்கும் மரத்துக்கும் அதுதான் நல்லது. பூந்தொட்டிகளைக் கால் வைத்த தாங்கியில் தூக்கி வையுங்கள். நேரே பலகையில் உட்கார்ந்தால் அடியில் வட்டமாக இற்றுப்போகும். கதவடி ரப்பர் மேட்டுக்கும் அதே கதிதான்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கழுவி ஒரு மெல்லிய கோட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவிலிருந்து பார்பிக்யூ அடுப்புக்குப் போகும் பாதை முதலில் வெளுக்கும். முழு டெக்கையும் தொடாமல் அந்தப் பலகைகளுக்கு மட்டும்கூட அடித்துக்கொள்ளலாம்.

கைப்பிடிக்கு வருகிறேன். நிற்கும் கம்பிகளிலும் கம்பங்களிலும் தண்ணீர் தங்காது, கால் படாது. அங்கே சாலிட் ஸ்டெயின் வருடக்கணக்கில் நிற்கும், வெள்ளை வேண்டுமென்றால் வெள்ளையே அடிக்கலாம். படுத்திருக்கும் மேல்பலகை மட்டும் தரையின் ஜாதி, அதற்குத் தரைக்கு அடித்ததையே அடியுங்கள். இரண்டு நிறமாக இருப்பதும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

இந்த வருடம் காய்ந்த நாள் அமையவில்லை என்றால் கழுவி, பிரைட்டனர் அடித்து, அப்படியே விட்டுவிடுங்கள். மறுபடி கொஞ்சம் சாம்பல் பூக்கும், வசந்தத்தில் இன்னொரு முறை லேசாகக் கழுவவேண்டியிருக்கும். மற்றபடி பூச்சில்லாமல் ஒரு குளிர்காலம் உங்கள் டெக் தாங்கும்.